கோழிக்கூட்டில் உறங்கிய சத்தம்

சங்கணித்துறைக் கயத்தான் நடுக்கடலில் தன் விசைப்படகின் அலாரம் வயரை அறுத்த அன்றைக்கு, படகு கரைக்கு வந்து சேருமுன்னே அதன் சத்தம் வந்து சேர்ந்துவிட்டது. உச்சிவெயிலில் வலைக்கூடத்தின் பக்கமாகக் கரையேறி, ஐஸ் கம்பெனிச் சந்துக்குள் நுழைந்து, மாதா சிலை நிற்கிற கெபி முக்கில் போகிற வழி தெரியாததுபோல் கொஞ்சம் தயங்கி நின்று, பிறகு ஒரு முழ உயரத்தில் 'கீஈஈ' என்று கத்திக்கொண்டே கடற்கரைத் தெருவில் நடந்துபோன அந்தச் சத்தத்துக்கு உடம்பு என்று எதுவும் கிடையாது. ஆனாலும் வழியில் படுத்திருந்த ஆடுகள் எழுந்து ஒதுங்கி அதற்கு வழிவிட்டன, கருவாடு காயப்போட்டிருந்த பெண்கள் பாயை மிதிக்காமல் போ என்று அதை அதட்டினார்கள், திண்டாடித் திரிகிற பிள்ளையைக் கேட்பதுபோல யார் வீட்டுச் சத்தம் இது என்று ஒருத்தரை ஒருத்தர் விசாரித்துக்கொண்டார்கள். சத்தம் எப்படித் தனியாக நடந்து வரும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கடல் எதையெதையோ கொண்டுவந்து ஒதுக்குகிற ஊரில் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது.

கித்தேரி கேட்டாள். கயத்தானின் பெண்டாட்டியான அவள் எதையும் கேட்காமல் விட்டவள் இல்லை. பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுக்கு வரை போய், திரும்ப வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பவள். பூசை நடுவில் அடுப்பு ஞாபகம் வந்து எழுந்து ஓடுகிறவள். உட்கார்ந்தால் ஒரு கால் ஆடும், நின்றால் ரெண்டு காலும் நடக்கும். கித்தேரி மனசுக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள், அவளும் மறுத்ததில்லை. ஆகவே சத்தம் தெருவெல்லாம் சுற்றி முடித்துத் தன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, எங்கேயிருந்து வருகிறாய், யார் விரட்டினது என்று விசாரித்தாள். அது கத்திக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் படகைத் துறையில் கட்டி இஞ்சினை அணைத்த நேரத்துக்கு, வாசலில் இருந்த சத்தமும் சுருண்டு அடங்கியது. கயத்தான் வந்து விஷயத்தைச் சொன்னான். படகின் பெயர் விடிவெள்ளி மாதா. அதன் இஞ்சினில் எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் கத்துவதற்கென்று ஒரு அலாரம் உண்டு. முன்னெல்லாம் காலையில் சாவியைத் திருப்பினதும் ஒரு தடவை கத்தும், நான் முழித்துத்தான் இருக்கிறேன் என்று சொல்கிற மாதிரி. இஞ்சின் எடுத்து எண்ணெய் மேலே ஏறினதும் வாயை மூடிக்கொள்ளும், அதற்கப்புறம் நாள் முழுக்க மூச்சுவிடாது. கொஞ்ச காலமாக அதற்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, வலையை மேலே இழுத்து வாங்குவதற்காக இஞ்சினை மெதுவாக ஓட்டினால் போதும், ஓயாமல் கத்துகிறது, வேலையாட்களுக்குள் பேச்சு கேட்கவில்லை, ஒருவனுக்குக் காதுவலியே வந்துவிட்டது. இஞ்சினோ சிங்கம் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே அறுத்துவிட்டான். அறுத்தெடுத்த சிவப்பு வயர்த்துண்டு சட்டைப்பையில் இருந்தது. கோழிக்கூட்டுக் கதவுக்குக் கொண்டி போய் மாசக்கணக்கு ஆகிறதே என்று கித்தேரி அதை வாங்கி முறுக்கிக் கட்டினாள். அன்றிலிருந்து இஞ்சின் ஓயும்போதெல்லாம் சத்தமும் கோழிக்கூட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கோழிகள் முதலில் அதைக் கொத்திப் பார்த்தன, பிறகு அதன்மேல் சாய்ந்து தூங்கப் பழகின.

ஊரும் பழகிக்கொண்டது; அந்த ஊருக்குப் பழக எத்தனை நாள் வேண்டும். படகு வேகமாக ஓடினால் சத்தம் மெலிந்து கொசுவளவாகும், மெதுவாக ஓடினால் பெருத்துத் தெருவை அடைக்கும் என்று தெரிந்துபோனதும், பெண்கள் அதைக் கடிகாரமாக்கிக்கொண்டார்கள்: பெருத்தால் வலை வாங்குகிறார்கள், உலை வைக்கலாம், மெலிந்தால் ஓட்டம் பிடித்துவிட்டார்கள், இன்னும் நேரமிருக்கிறது. தொட்டில் பிள்ளைகளுக்கு அது தாலாட்டானது. கோயில் பாடகர் குழு ஆர்மோனியத்தை ஒதுக்கிவிட்டு அதன் சுருதிக்கே பாட ஆரம்பித்தது. ஆனாலும் பூசை நேரத்தில் அது உள்ளே நுழையக் கூடாதென்று ஊர்க்கமிட்டி கூடித் தீர்மானம் போட்டதால், கோயில் உபதேசியார் பூசை முடியும்வரை வாசலில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றார், சத்தமும் மரியாதை தெரிந்த சத்தமாக வெளியே பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்பவர்களோடு நின்றது. அதை அடியோடு வெறுத்தவன் மீன் ஏலம் விடுகிற ரொசாரி ஒருவன்தான். அது என்னவோ ஏலக்கூடத்தில் அவன் காலடியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு கத்தியது. அவன் ஒன்று சொல்ல வியாபாரிக்கு ஒன்று கேட்டு, சீலா மீன் வாங்கினவன் கூடையில் மலிவான காரல் போய் விழுந்து, தொண்டை கட்டிப்போய், சுக்குத் தண்ணியும் கையுமாக அலைந்தான்.

இதற்கு நடுவில்தான் எண்ணெய் பெருகத் தொடங்கியது. இஞ்சினுக்குள் இருக்கிற எண்ணெயை அளவுக்கம்பியை விட்டு எடுத்துப் பார்ப்பது வழக்கம். ஓட ஓட அது குறையும், குறைந்தால் ஊற்ற வேண்டும், உலகத்தில் உள்ள எல்லா இஞ்சினுக்கும் அதுதான் நியாயம். விடிவெள்ளி மாதாவில் குறையவில்லை. கயத்தான் ஒவ்வொரு தடவை கம்பியை எடுத்தபோதும் எண்ணெய் முன்னைவிட மேலே இருந்தது. அவன் அதைத் தன் சகலையும் படகின் பங்காளியுமான சந்தியாகுவிடம் சொன்னான். சந்தியாகு ஊர்க்கமிட்டித் தலைவர். பக்கத்து ஊரில் ஒரு காலத்தில் சம்மனசு சுரூபம், அதுதான் தேவதூதர் சிலை, வேர்த்தது, அதிலிருந்து அந்த ஊர்த் திருவிழாவுக்கு பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வருகிறது, நம் ஊரில் மட்டும் ஒரு கல்லுக்குக்கூட வேர்க்க மாட்டேன் என்கிறதே என்று வருஷக்கணக்காகப் புழுங்கிக்கொண்டிருந்த மனுஷன் அவர். கம்பியைப் பார்த்தார், துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், அங்கேயே இஞ்சின் அறையில் முழங்கால் போட்டார். மாதா கொடுத்த எண்ணெய் என்று அன்று மாலையே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாய் விட்டு உறிஞ்சிக் குப்பிகளில் ஊற்றிக் கொடுத்தார்கள். எடுக்க எடுக்க அடுத்த ஓட்டத்தில் மறுபடி ஏறிக்கொண்டது. முட்டிவலிக்குத் தேய்த்தவர்களுக்கு வலி போனது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்படியாக, கோளாறு ஒன்றைச் சங்கணித்துறை அற்புதமென்று கும்பிட்டது. அற்புதம் ஒன்று தெருவில் கத்திக்கொண்டு நடந்ததைக் கோளாறு என்று காதைப் பொத்திக்கொண்டது.

கித்தேரிக்கும் ஒரு குப்பி வந்தது. அவள் அதை மாதா படத்துக்கு முன்னால் விளக்கில் ஊற்றித் திரியைக் கொளுத்தினாள். விளக்கு எரியவில்லை, பாய்ந்தது. ஒரு சாண் எழும்பிய தீ மாதா படத்தின் கண்ணாடியில் கரியைப் பூசி, பக்கத்தில் தொங்கிய காகித மாலையைத் தின்றுவிட்டு இறங்கியபோது, அறையில் நின்ற நாற்றத்தை அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவள் துவைக்கிற சட்டைகளின் நாற்றம் அது. இஞ்சின் எண்ணெய்க் கறை சவுக்காரத்துக்குப் போகாது, மணக்காது. டீசல் கறை போய்விடும், நாற்றம் போகாது. குப்பியில் இருந்த எண்ணெயை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். வழவழப்பு இல்லை, தண்ணியாக ஓடியது. எங்கேயோ ஒழுகி டீசல் எண்ணெய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது, அதனால்தான் எண்ணெய் பெருகுகிறது, பெருகப் பெருக நீர்த்துப்போகிறது, நீர்த்துப்போனதால்தான் அலாரம் அழுதது. எண்ணெய் தடவாத கல்லில் தோசை பிடித்துக்கொள்வதுபோல, அந்த எண்ணெய்ப் படலம் அறுந்த நேரத்தில் உள்ளே சுழல்கிற தண்டை அதைத் தாங்குகிற இரும்பு பிடித்துக்கொள்ளும், பிடித்தால் விடாது.

குப்பியோடு அத்தான் வீட்டுக்கு ஓடினாள். அக்காள் புருஷனான சந்தியாகு முட்டியில் அதே எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இது டீசல் நாறுது அத்தான் என்று சொன்னதற்கு அவர் கோபப்படவில்லை, பாவமாகத்தான் பார்த்தார். "ஏளா கித்தேரி, மாதா எந்த மணத்துல வேணும்னாலும் வருவா. உனக்குத்தான் எதுலயும் இருப்பு கிடையாதே" என்றார்.

அன்றைக்குக் கயத்தான் தங்கல் கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். போனால் மூன்று நான்கு நாள் ஆகும். கச்சான் காற்று மூர்க்கமாக வீசுகிற காலம். முன்னொரு வருஷம் இதே காற்றில் இந்தத் துறைப் படகு ஒன்று நடுக்கடலில் இஞ்சின் இறுகி நின்று, எல்லைக்கு அந்தப் பக்கம் அடித்துக்கொண்டு போய், அதிலிருந்த ஆட்கள் அடுத்த நாட்டுச் சிறையிலிருந்து தாடியும் மீசையுமாகத் திரும்பியது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இருவர் திரும்பவில்லை. அதைச் சொல்லித்தான் கித்தேரி அழுதாள். எண்ணெயை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றி, ஒழுகுகிற இடத்தை அடைத்துவிட்டுப் போங்கள் என்றாள். மாதா எண்ணெயை மண்ணில் கொட்டச் சொல்கிறாயா என்று அவன் கேட்டான். அவன் கோபத்துக்குப் பின்னால் வேறொன்று இருந்தது அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமும் ராசி இல்லாத படகு என்று துறையில் சொல்லக் கேட்டவன் அவன். இப்போது அதே ஆட்கள் படகின் பக்கவாட்டைத் தொட்டு, கையை உதட்டில் வைத்து முத்திசெய்துவிட்டுப் போகிறார்கள். அந்த மாலையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடு என்றால் யார்தான் கொடுப்பார்கள்.

"அலாரம் அழுதா இஞ்சினை அணைக்கணும்னு முன்ன நீங்கதான சொன்னிய" என்றாள்.

"கடல்ல இஞ்சினை அணைக்கிறவன் டிரைவராட்டி? அணைச்சுட்டு, திரும்ப எடுக்கலன்னா யாரு வந்து இழுப்பா? கூடக் கொஞ்சம் ரேஸ் குடுத்தா முள்ளு தன்னால மேல வந்துரும்."

அவன் சொன்னது பொய்யில்லை. அந்தக் கரையில் எல்லா டிரைவர்களும் செய்வது அதுதான். அழுத்தம் குறைந்தால் வேகத்தைக் கூட்டுவார்கள்; வேகம் கூடினால் மீட்டரில் முள் கொஞ்சம் எழும்பும், அலாரம் வாயை மூடும், சரியாகிவிட்டது என்று பீடியைப் பற்றவைப்பார்கள். காய்ச்சல்காரனை ஓடவைத்தால் வேர்த்துக் காய்ச்சல் விடும் என்கிற வைத்தியம். கயத்தான் அப்படியே வாசலைக் கடந்தான். சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் அவனுக்கு எப்போதும் கிடையாது.

அவன் போன நாளிலிருந்து கித்தேரி சோற்றை வாயில் வைக்கவில்லை. சத்தம் எங்கே போனதோ அங்கே அவளும் போனாள். அது வலைக்கூடத்தில் நின்றால் நின்றாள், கெபியைச் சுற்றினால் சுற்றினாள், கோழிகளுக்குத் தீனி போட மறந்தாள், பார்த்தவர்கள் ரெண்டுக்கும் நல்ல பொருத்தம் என்று சிரித்தார்கள். பெருக்கும், மெலியும், பெருக்கும். ஒவ்வொரு தடவை மெலிந்தபோதும் அவளுக்கு மூச்சு வந்தது. மூன்றாம் நாள் காலையில் அது பெருத்தது, பெருத்தது மெலியவில்லை. வலை வாங்கி முடிக்கிற நேரம் வந்து, கடந்து, உலை கொதித்து, சோறு வடித்து ஆறிப்போனது. இன்றைக்கு என்ன இவ்வளவு நேரம் வலை வாங்குகிறார்கள், மீன்பாடு பலம்போல என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் தொட்டிலில் தூங்கின. கோயிலில் பாட்டுப் பழகினார்கள். கித்தேரிக்கு மட்டும் விளங்கியது: அவன் வேகத்தைக் கூட்டியிருக்கிறான், கூட்டியும் அது அடங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதன் குரல் கம்மத் தொடங்கியது, அழுது அழுது தொண்டை வறண்ட பிள்ளையின் குரல் மாதிரி.

சந்தியாகுவிடம் போய், அவர் வீட்டு வயர்லெஸ் மைக்கில் படகைக் கூப்பிடச் சொன்னாள். அவள் தொல்லை தாங்காமல் அவர் கூப்பிட்டார். இரைச்சலுக்கு நடுவில் கயத்தானின் குரல் எல்லாம் சுகம் என்றது. இங்கே ஒரு சத்தமும் இல்லை, நிம்மதியாக இருக்கிறோம் என்றது. கேட்டியா என்கிற மாதிரி சந்தியாகு அவளைப் பார்த்தார். அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள், அவருடைய வாசலில் நின்று சத்தம் கத்திக்கொண்டிருந்ததை.

சத்தம் திரும்பிக் கடற்கரைக்கு ஓடியது. தண்ணீர் விளிம்பு வரை போகும், அவளிடம் திரும்பி வரும், மறுபடி விளிம்புக்குப் போகும். வீட்டு நாய் இப்படிப் போய்ப் போய்த் திரும்பினால், கூட வா என்று கூப்பிடுகிறது என்பதைத் தவிர வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும். வள்ளம் கொடுக்க யாரும் தயாராக இல்லை. பெண்பிள்ளை கால் பட்டால் படகுக்கு ஆகாது என்பது அந்தத் துறையின் சட்டம். ஏலக்கூடத்துப் படியில் சுக்குத் தண்ணி குடித்துக்கொண்டிருந்த ரொசாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு பைபர் வள்ளம் உண்டு, மனசில் ஒரே ஆசையும் உண்டு.

"இதையும் கூட்டிட்டுத்தான வாறிய மதினி?" என்று கேட்டான், காலடியைக் காட்டி.

"அதுதான் தம்பி என்னைக் கூட்டிட்டுப் போவுது."

"அப்பம் ஏறுங்க. என் வள்ளத்துல கெட்டுப்போக ராசி ஒண்ணும் மிச்சமில்ல."

சத்தம் முதலில் ஏறி முன்முனையில் உட்கார்ந்தது. கித்தேரி அதன் பின்னால் உட்கார்ந்து அந்த எண்ணெய்க் குப்பியை மடியில் இறுக்கிக்கொண்டாள். திசை தப்பினால் சத்தம் மங்கியது, சரியாகப் போனால் ஓங்கியது. ரொசாரி ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, அதைக் கேட்டுக் கேட்டே மறுகையால் வள்ளத்தைத் திருப்பினான். கரை மறைந்தது. அலை வள்ளத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது, அவளுக்குக் குடலே வாய்க்கு வந்தது, ஆனாலும் கண்ணை மூடவில்லை. வழியில் பலதையும் நேர்ந்துகொண்டாள். திருப்பலி, மெழுகுவர்த்தி, தலைமுடி. அந்த ஆள் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் இருக்கிறதென்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வெயில் சாய்கிற நேரத்தில், கரும்புகையைக் கக்கிக்கொண்டு முழு வேகத்தில் வலையை இழுத்துக்கொண்டிருந்த விடிவெள்ளி மாதாவைக் கண்டார்கள்.

பெண்ணொருத்தி பக்கவாட்டைப் பிடித்து ஏறுவதைக் கண்டு வேலையாட்கள் பதறிப்போனார்கள். அதைவிடப் பதறியது, அவளுக்கு முன்னால் தாவி ஏறிய சத்தத்தைக் கேட்டு. வயர் அறுத்த நாளிலிருந்து அந்தப் படகில் இருந்தவர்கள் அதைக் கேட்டதில்லை. அது மேல்தட்டில் நிற்காமல், ஆட்களின் காலிடுக்கு வழியாக இறங்கி, இஞ்சின் அறைக்குள் புகுந்து, தான் இருந்த இடத்தில் நின்று ஓங்கிக் கத்தியது. கயத்தான் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றிருந்தான். எண்ணெய் மீட்டரின் மேல் அவனுடைய துண்டு தொங்கியது. கித்தேரி அந்தத் துண்டை எடுத்தாள். முள் சிவப்பில் படுத்துக் கிடந்தது.

அவன் குனிந்து முள்ளைப் பார்த்தான். ஆனாலும் கை, பழக்க தோஷம், வேகத்தைக் கூட்டத்தான் போனது. கூட்ட ஏதும் மிச்சமில்லை. அணைங்க என்றாள். அணைத்தால் திரும்ப எடுக்காது, காற்று எல்லைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்றான். அவள் குப்பியைத் திறந்து அவன் உள்ளங்கையில் ஊற்றினாள். விரலிடுக்கில் தண்ணியாக வழிந்து சொட்டியதை அவன் பார்த்தான், மூக்கருகில் கொண்டுபோனான்.

"நீங்க அணைச்சாலும் நிக்கும், அணைக்காட்டாலும் நிக்கும்" என்றாள் கித்தேரி. அவளுடைய கால் ஆடவில்லை. "எப்படி நின்னா திரும்ப ஓடும்னு டிரைவர் நீங்கதான் சொல்லணும்."

கயத்தான் கையைச் சட்டையில் துடைத்தான். அவனுடைய தொழிலில் ஒருநாளும் செய்யாத காரியத்துக்கு அவன் குனிந்தான். கடல் நடுவில், வலை தண்ணீரில் கிடக்க, ஸ்டாப் கம்பியைப் பிடித்து இழுத்தான். இஞ்சின் ரெண்டு தடவை தூக்கிப்போட்டு நின்றது. அதோடு சத்தமும் நின்றது. அலை படகின் வயிற்றில் அடிப்பது மட்டும் கேட்டது. நங்கூரத்தைப் போட்டார்கள், இழுபட்டு இழுபட்டு ஒருவழியாக அது தரையைப் பிடித்தது. ரொசாரி வள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு, பேச்சு கேட்கிறதா என்று பார்ப்பதற்காக, சீலா சீலா என்று ஏலம் விட்டுப் பார்த்தான். பிறகு மைக்கில் கூப்பிட, சந்தியாகு வீட்டில் எடுக்க ஆளில்லாமல், அதைக் கேட்ட வேறொரு துறைப் படகு வந்து கயிறு போட்டு இழுக்க, மறுநாள் காலையில்தான் கரை தெரிந்தது.

கரையில் ஊரே நின்றது. கித்தேரி ஏறின வள்ளம் புறப்பட்ட நேரத்திலிருந்து சங்கணித்துறையில் சத்தம் இல்லை. முதலில் தொட்டில் பிள்ளைகள் விழித்து வீறிட்டன. பாட்டுக்காரர்களுக்குச் சுருதி தப்பியது. நேரம் தெரியாமல் எல்லா வீட்டிலும் சோறு குழைந்தது. பிறகு யாரோ ஒருத்தி, அது அழுதவரைக்கும் இஞ்சின் ஓடியதே, இப்போது நின்றுவிட்டதே என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு யாரும் உறங்கவில்லை. சந்தியாகு துக்கமணி அடிக்கச் சொல்லிவிட்டார்; வேண்டாம் என்று உபதேசியார் கயிற்றைப் பிடித்தார்; இருவரும் மணிக்கயிற்றைப் பிடித்தபடியே பொழுது விடியும்வரை நின்றார்களாம். இழுபட்டு வருகிற படகைக் கண்டபோது ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை. தலைகளை எண்ணினார்கள். எண்ணி முடித்தபிறகுதான் அழுதார்கள்.

துறைமுகத்திலிருந்து வந்த மெக்கானிக் இன்னாசி இஞ்சினைப் பிரித்தார். டீசல் பம்பின் உள்ளே ஜவ்வு கிழிந்து, டீசல் எண்ணெய்க்குள் ஒழுகியிருந்தது. தண்டைத் தாங்குகிற உலோகம் வரிவரியாகக் கீறிப்போய்ப் பளபளத்தது; தண்டைப் பிடிக்கவில்லை. இன்னொரு வலை இழுத்திருந்தால் பிடித்திருக்கும் என்றார் அவர். மாதா எண்ணெயை எல்லாம் பீப்பாயில் வடித்தார்கள். சந்தியாகு பக்கத்தில் நின்று மோந்து பார்த்தார், என் முட்டிவலி போனது நிஜம் என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு நொண்டாமல் நடந்து போனார்.

புதுப் பம்பு, புது உலோகம், புது எண்ணெய். அலாரத்துக்குக் கயத்தான் தானே புது வயர் போட்டான். ஊர் பார்க்க ஒரு காலையில் சாவியைத் திருப்பினான். ஒன்றும் கேட்கவில்லை. வயரைக் கழற்றி மாட்டித் திருப்பினான்; கேட்கவில்லை. இன்னாசி தட்டிப் பார்த்தார், அலாரம் செத்துப்போச்சு, இஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது, எடுங்கள் என்றார். ரொசாரியும் அதையே ஆமோதித்தான். கரையில் நின்ற கித்தேரி மட்டும் கூடாது என்றாள். முதலில் அழ வேண்டும். அழாத பிள்ளையை நம்பிக் கடலுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தேடப் போனாள். வலைக்கூடத்தில் தேடினாள், ஐஸ் கம்பெனிச் சந்தில் தேடினாள், கெபியைச் சுற்றி வந்தாள், உபதேசியாரிடம் கேட்டு, அது நுழையக் கூடாதென்று தீர்மானம் போட்ட கோயிலுக்குள்ளும் தேடினாள். காலோய்ந்து வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தபோதுதான், நாளெல்லாம் திறக்காமல் கிடந்த கோழிக்கூட்டுக்குள் கோழிகள் ஒன்றின்மேலும் சாயாமல், எதையோ நடுவில் விட்டு வட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கதவில் முறுக்கிக் கட்டிய சிவப்பு வயர் சூடாக இருந்தது.

அவிழ்த்தாள். உறங்குகிற பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி முந்தானையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தாள். புது வயரை எடுத்துவிட்டுப் பழையதை முறுக்கி மாட்டச் சொன்னாள். கயத்தான் சாவியைத் திருப்பினான். கீஈஈ என்றது, இஞ்சின் அறைக்குள்ளிருந்து, தன் சொந்த இடத்திலிருந்து. கரையில் பல பேர் கண்ணைத் துடைத்தார்கள், ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது. இஞ்சின் எடுத்தது, எண்ணெய் ஏறியது, முள் எழும்பி நிமிர்ந்து நின்றது, சத்தம் வாயை மூடிக்கொண்டது.

வடத்தை அவிழ்க்கும்முன் கயத்தான் படகின் விளிம்புக்கு வந்தான். "போய்ட்டு வரட்டா?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி அது, அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அழுதா?" என்றாள்.

"அணைச்சுருவேன்."

படகு சின்னதாகி மறைந்தது. கித்தேரி வீட்டுக்கு வந்து, கோழிக்கூட்டுக் கதவைத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினாள், இழுத்துப் பார்த்தாள், வாசலில் உட்கார்ந்தாள். தெருவில் ஆடுகள் படுத்த இடத்திலேயே படுத்திருந்தன. எழுந்து வழிவிட ஒன்றும் வரவில்லை. இத்தனை நாளும் கடலுக்குப் போன புருஷன் வேகமாகப் போகிறானா, மெதுவாகப் போகிறானா, வலை வாங்குகிறானா என்பது அவள் வாசலுக்கே வந்து சேர்ந்தது, இனி வராது. சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, அதைக் கேட்க வேண்டியவன் கேட்பான், அவன் கேட்பான் என்று நம்புவதைத் தவிர அவளுக்கு இனி வேலை இல்லை. அந்த வேலை அவளுக்குப் பழக்கமில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், உலை வைக்கலாமா என்று யோசித்தாள், கடல் பக்கம் காதைத் திருப்பினாள். ஒன்றும் கேட்கவில்லை.